பாதி என்று விடை சொன்னவன்

எங்கள் விஞ்ஞான வகுப்பில் ஒரு மரத்தாங்கியில் சுருள்வில் ஒன்று தொங்கும். நுனியில் படிக்கல்லை மாட்டினால் மெல்ல நீளும். நாங்கள் முறைவைத்து அதை இழுத்துப் பார்ப்போம். என் நண்பன் மட்டும் யன்னலோரம் தரையில் இருந்து, நான் கூவிச் சொல்லும் அளவுகளை எழுதிக்கொள்வான். அவனுடைய தகப்பன் கோப்பாய்ப் பக்கம் கள்ளுச் சீவுகிறவர். வாங்குப் பலகையில் எங்களோடு இருக்கவோ கருவிகளைத் தொடவோ அவனுக்கு அனுமதியில்லை. முப்பதுகளின் தொடக்கம் அது. அவனைச் சேர்த்ததையே பெரிய உபகாரமாகப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் வாத்தியார் கேட்டார்: ஆறு இறாத்தல் பாரத்துக்கு ஓர் அடி நீளும் வில்லை அந்த அளவுக்கு இழுக்க எவ்வளவு வேலை செய்யவேண்டும்? நாங்கள் எல்லோரும் ஆறையும் ஒன்றையும் பெருக்கி ஆறு என்றோம். அவன் மட்டும் எழுந்து நின்றான்.

"மூண்டு, சேர். தொடங்கேக்கை பாரமே இல்லை. போகப் போகத்தான் இழுவை கூடுது. அதாலை பாதிதான் வரும்."

அதுதான் சரியான விடை. வாத்தியாருக்கும் அது தெரியும். ஆனால் அவருடைய முகம் இருண்டது.

"இழுவை கூடுறது உனக்கு எப்பிடித் தெரியும்? நீ எப்ப உதைத் தொட்டனி?"

"தொடேல்லை சேர். உவர் சொன்ன அளவை வைச்சுப் படம் கீறினனான். கோடு சாய்ஞ்சு ஏறுது. கீழை வாறது முக்கோணம்."

கொப்பியை நீட்டினான். வாத்தியார் வாங்கவில்லை. "அவன் தொடேல்லை சேர், நான்தான் அளந்தனான்" என்று நான் எழுந்து சொன்னேன். "நீ இரு" என்றார். பிரம்பை எடுத்தார்.

மறுநாள் தகப்பனை அழைத்தார்கள். தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முற்றத்து வெயிலில் நின்றார். "பொடியன் தொடேல்லை எண்டுறான், ஐயா" என்றார். "தொடாமல் உப்பிடி விடை வருமோ? கூட்டிக்கொண்டு போ" என்றார் பள்ளிக்கூட மனேச்சர். இருவரும் படலையைக் கடந்து போவதை வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சுருள்வில்லை மஞ்சள் தண்ணீரில் கழுவி மாட்டினார்கள். அடுத்த மாரிக்குள் அது துருப்பிடித்துப் போனது. அதற்கும் அவனையே திட்டினார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு மானிப்பாய் பஸ்ஸில் அவனைக் கண்டேன். நான் அப்போது விஞ்ஞான ஆசிரியன். அவன் மடியில் ஆறேழு வயது மகன். பஸ் ஏன் நின்ற பிறகும் முன்னாலே தள்ளுகிறது என்று அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே வந்தது. அவன் பிள்ளையின் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிவிட்டான்.

"இப்ப எங்கடை பள்ளிக்கூடத்திலை எல்லாரும் வாங்கிலைதான் இருக்கினம். மகனைக் கொண்டுவந்து விடு" என்றேன்.

ஒருகாலத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் அவன்.

"வேண்டாம், மாஸ்டர்" என்றான். "உவனும் கெட்டிக்காரன்."