ராணிச் சதம்

கடையில் மிச்சக் காசு தந்தால் அதைத் திருப்பிப் பார்க்காமல் பைக்குள் போட எனக்கு இன்றைக்கும் முடியாது. ஆண்டைப் பார்க்க வேண்டும், விளிம்பைத் தடவ வேண்டும், முன்பு கண்டிராத கோடு ஏதும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் அந்தரப்படுவார்கள். போன கிழமை கிளிநொச்சிச் சந்தையில் ஒரு மனிசி, "என்ன பிள்ளை, கள்ளக் காசோ?" என்று கேட்டே விட்டா. காசு நல்ல காசுதான், எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது என்று சொல்லிவிட்டு வந்தேன். காசு சேர்ப்பது ஒரு வருத்தம், அதற்கு மருந்து கிடையாது. கையில் இருக்கிறவற்றைப் பார்த்து ஆறுதல்பட விடாது. இல்லாத அந்த ஒன்றுதான் உயிரை எடுக்கும்.

இந்த வருத்தத்தை எனக்குத் தொற்ற வைத்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் ஓடுகிற பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தார். நெரிசலில் சனம் தள்ளிவிடுகிற செல்லாத காசு எல்லாம் அவரிடம் வந்து சேரும். மற்றக் கொண்டக்டர்மார் சண்டைக்குப் போவார்கள். சித்தப்பா பேசாமல் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, என் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தருவார். சதுரமான ஐந்து சதம், பூ மாதிரி நெளிந்த விளிம்புள்ள இரண்டு சதம், ஊதினால் பறக்கிற அலுமினியச் சதம். இடது கையில் வைத்த காசு வலது கையில் இருக்கும். வலது கையைப் பிடித்தால் அங்கும் இருக்காது. எப்படி என்று கேட்டால், "ஓடுற பஸ்ஸில தொங்கிக்கொண்டு மிச்சம் குடுத்துப் பார், தானா வரும்" என்பார். எனக்கு அப்போது பத்து வயது. அவர் சொன்னதை எல்லாம் நம்புவேன்.

சண்டை முடிந்து, நாங்கள் முகாமிலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் எங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்த காலம் அது. வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்திருந்தது. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் காணியைப் பார்த்து முடித்துவிட்டார்கள். என்றாலும் மண்ணைத் தோண்டாதே, கிடக்கிறதை எடுக்காதே என்று பள்ளிக்கூடத்தில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காசு சேர்க்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? காலுக்குக் கீழே என்னென்னவோ கிடக்கிறது, தொடக் கூடாது! அதனால் மற்றவர்கள் தோண்டிப் போட்ட மண்ணைக் கிளறலாம் என்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டிய நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை எறிந்துவிட்டு மண்கும்பியில்தான் கிடந்தேன்.

அங்கேதான் ராணிச் சதம் கிடைத்தது. முதலில் சட்டைப் பொத்தான் என்று நினைத்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். அந்தப் பாவத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. பழங்காசை யாராவது புளி போட்டு மினுக்குவார்களா? அன்றைக்கு எனக்கு என்ன தெரியும். தேய்க்கத் தேய்க்கச் சிவந்த செம்பு வந்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணி. மறுபக்கம் ஒரு மரம், அதன் இரு பக்கமும் தேய்ந்துபோன எழுத்து. சித்தப்பா அது பனை என்று சாதித்தார், வகுப்பில் எல்லோரும் தென்னை என்றார்கள். அது தாளிப்பனை என்று தெரிய எனக்குப் பல வருசம் எடுத்தது. என்னிடம் இருந்த செப்புக்காசு அது ஒன்றுதான். பால்மாத் தகரப் பேணிக்குள் மற்றக் காசுகளோடு போட மனம் வராமல் சட்டைக்குள் முடிந்துகொண்டு திரிந்தேன். முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதும் திரும்ப முடிவதுமாகவே பொழுது போனது.

பிறகு கதவுநிலை வைக்கிற நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் வாசல் நிலைக்குக் கீழே கொஞ்சம் பொன்னும் தானியமும் பூவும் வைத்துத்தான் நிலையை நிறுத்துவார்கள். புளியங்குளத்திலிருந்து வந்த மேசன் முதல் நாளே அம்மாவிடம் கேட்டார். அம்மாவிடம் ஏது பொன்? அவாவின் நகையெல்லாம் இடம்பெயர்ந்த வழியில் அரிசியாகவும் மாவாகவும் போய்விட்டன. தாலிக்கொடிக்குப் பதிலாக மஞ்சள் கயிறுதான் கிடந்தது. மிஞ்சியது மூக்கில் கிடந்த ஒற்றைக்கல் மூக்குத்தி. பெரியபிள்ளையானபோது போட்டதாம். எவ்வளவு இடரிலும் அதை மட்டும் கழற்ற மாட்டேன் என்று நின்றவா.

"பொன் இல்லாட்டில் பழைய செப்புக் காசெண்டாலும் காணும், அக்கா" என்றார் மேசன். சொல்லிவிட்டு என் சட்டை முடிச்சைப் பார்த்தார். "உங்கட பெட்டையிட்டை ஒண்டு கிடக்கு. இந்தக் காணி மண் தந்தது. அதை இந்த மண்ணுக்கே குடுக்கிறதுதான் முறை."

நாசமாய்ப் போன மனிசன் என்று மனதுக்குள் திட்டினேன். தர மாட்டேன் என்று குளறி அழுதேன். "உனக்கு வீடோ பெரிசு, காசோ பெரிசு?" என்று அப்பா கேட்டார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா கையை ஓங்க, அம்மா இடையில் வந்தா. என்னை அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. என் முகத்தையும் முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தா. தகரக் கொட்டிலில் மழைக்கு நாங்கள் எல்லோரும் ஒரு மூலையில் குந்தியிருப்பது எனக்கும் தெரியும்தானே. அழுதுகொண்டே, சரி, தாறன் என்றேன். அன்று முழுக்க இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

காலையில் நிலைக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டியிருந்தார்கள். காசை வைக்கிற நேரம் சித்தப்பா முன்னுக்கு வந்து, "குஞ்சு, இங்கை கொண்டா, நான் வைக்கிறன்" என்று என் கையிலிருந்து ராணிச் சதத்தை வாங்கினார். எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். குனிந்து குழிக்குள் வைத்தார். பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவும் மேசனும் நிலையைத் தூக்கப் போக, குழிக்குப் பக்கத்தில் நின்ற அம்மா, "பொறுங்கோ மேசன் அண்ணை, பூக் காணாது" என்றா.

தட்டு நிறையப் பூக் கிடந்தது. "நல்ல நேரம் போகுது அக்கா" என்று மேசன் முணுமுணுத்தார். அம்மா காதில் விழாதவா போலப் போய்ச் செவ்வரத்தை மரத்துக்குப் பின்னால் நின்றா. நாலு பூ ஆய இவ்வளவு நேரமோ என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. கை நிறையப் பூவோடு வந்து, யாரிடமும் கொடுக்காமல் தானே குனிந்து குழிக்குள் வைத்தா. அதன் மேல் சீமெந்து போட்டு நிலையை நிறுத்தினார்கள். தேங்காய் உடைத்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

சித்தப்பா என்னை வாழைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். காதுக்குப் பின்னால் கையை விட்டார். ராணிச் சதம்!

"அங்கை கிடக்கிறது மஞ்சள் அஞ்சு ரூபாய். நிலைக்குக் கண்ணோ தெரியும்? வாயைத் திறந்தியோ, உன்ர கொப்பர் என்னைக் கொன்றுபோடுவார்."

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. ஆனால் அது மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. சோறு போட அம்மா குனிந்தபோது பார்த்தேன், மூக்கு வெறுமையாக இருந்தது. சின்ன ஓட்டை மட்டும் தெரிந்தது.

"அம்மா, மூக்குத்தி எங்கை?"

அம்மா மூக்கைத் தொட்டுப் பார்த்தா. "கிணத்தடியில முகம் கழுவேக்கை விழுந்திட்டுது போல. நீ சாப்பிடு."

அடி விழத் தொடங்கிவிட்டது! மண்ணை ஏமாற்றிவிட்டோம், மண் அம்மாவின் மூக்குத்தியை எடுத்துவிட்டது. இனி என்ன எடுக்கும்? அப்பாவையா, வீட்டையா? சோற்றை விட்டுவிட்டு எழும்பி ஓடினேன்.

கிணற்றடியைத் தலைகீழாகப் புரட்டினேன். மேசனின் மணல் அரிதட்டைத் தூக்கி வந்து வாய்க்கால் சேற்றையெல்லாம் அரித்தேன். என் கண்ணுக்குத் தப்புகிற பொருள் ஏது என்று ஒரு திமிர் வேறு. மண்கும்பியில் சதத்தைக் கண்டுபிடித்தவள் அல்லவா? ஆணி கிடைத்தது, பொத்தான் கிடைத்தது, கண்ணாடித் துண்டு காலில் குத்தியது. அம்மா வாளியோடு வந்து நின்று பார்ப்பா. "விடு பிள்ளை, அது கிடைக்காது" என்பா. அதை அவ்வளவு உறுதியாகச் சொன்னது எனக்குக் கோபத்தைக் கொடுத்தது. தேடாத மனிசிக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நாளில் யானை வந்து போனது. விடிந்து பார்த்தால் வாழைகளைக் காணோம், கொட்டில் தகரம் மடிந்து கிடந்தது, புதுச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மாளாச்சி காப்பாற்றினா என்று அயலில் எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் பயம் பிடித்தது. இன்றைக்குக் கொட்டில் என்றால் நாளைக்கு வீடுதானே. ராணிச் சதத்தை நிலைக்கு அடியில் எப்படியாவது தள்ளிவிடலாம் என்று ஈர்க்கால் சீமெந்து இடுக்கைத் துழாவினேன். "எடியே, நிலையைக் கிண்டாதை!" என்று மேசன் துரத்தினார். சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். "விசர்ப் பெட்டை, யானை என்ன காசு பாத்தோ வாறது?" என்று சிரித்தார்.

கடைசியில் எது வந்தாலும் வரட்டும், அம்மாவிடம் சொல்லிவிடுவோம் என்று போனேன். அம்மா என் பழைய பள்ளிக்கூடச் சட்டையை வெட்டி ஏதோ தைத்துக்கொண்டிருந்தா. சுருட்டி வைக்கக்கூடிய ஒரு துணி. அதில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பொக்கற்றுகள்.

"உன்ர காசுகளுக்குத்தான். பேணிக்குள்ளை கிடந்து உரஞ்சுது."

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். பேணியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாக் காசும் போட்ட பிறகு ஓரத்தில் ஒரு பொக்கற் வெறுமையாக இருந்தது.

"ஒண்டு கூடிப் போச்சுது அம்மா."

"கிடக்கட்டும்" என்றா. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அவா போனதும் சட்டை முடிச்சை அவிழ்த்து ராணிச் சதத்தை அதற்குள் நழுவவிட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே போய் இருந்தது. அம்மாவின் கணக்குப் பிழைத்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

வீடு விழவில்லை. குடிபுகுந்தோம், பால் காய்ச்சினோம், மழைக்கு மூலை தேடாமல் படுத்தோம். பயம் மெல்ல மெல்ல விட்டுப்போனது. காசுப் பைத்தியம் மட்டும் விடவில்லை. அம்மா தைத்த துணி நிரம்பிப் பிறகு அல்பம் வாங்கினேன், பெட்டி வாங்கினேன். ராணிச் சதம் மட்டும் இன்னும் அந்தத் துணியின் ஓரப் பொக்கற்றில்தான் இருக்கிறது.

போன வருசம் வாசல் நிலையைக் கறையான் அரித்துவிட்டது. மாற்றுவதற்கு ஒரு இளம் மேசன் வந்தார். பழைய நிலையை எடுத்து, அடிச் சீமெந்தை உளியால் தட்டிக்கொண்டிருந்தவர், "அக்கா, இங்கை காசு கிடக்கு" என்று கூப்பிட்டார். ஓடினேன். காசு என்றால் ஓடாமல் இருப்பேனா? மஞ்சள் மங்கிக் கறுத்துப்போன ஐந்து ரூபாய். அதற்குப் பக்கத்தில் அரிசியளவில் ஏதோ மினுங்கியது. நகத்தால் கிளறி எடுத்தேன். ஒற்றைக்கல் மூக்குத்தி. கழன்று விழுந்த மூக்குத்தி இல்லை. சுரையைத் திரும்பத் திருகிப் பூட்டி, கவனமாக வைத்த மூக்குத்தி.

திரும்பிப் பார்த்தேன். அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தா.

"அண்டைக்கே தெரியுமோ அம்மா?"

"உன்ர சித்தப்பன்ர கை விளையாட்டு எனக்குத் தெரியாதே? குழிக்குள்ளை மஞ்சளாத் தெரிஞ்சுது. இந்த வீடு நிக்கவும் வேணும்தானே."

"அப்ப என்னட்டை அந்தச் சதத்தை வாங்கி வைச்சிருக்கலாமே!"

அம்மா அரித்துப்போன நிலையைத் தடவினா. "எங்களிட்டை இருந்ததெல்லாம் போய்க்கொண்டிருந்த காலமடி. நீ ஒருத்திதான் சேர்த்துக்கொண்டிருந்தனி" என்றா. பிறகு மேசனைப் பார்த்து, "தம்பி, ரெண்டையும் கிடந்தபடியே வைச்சுப் பூசிவிடுங்கோ" என்றா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரமும் வந்தது. சேற்றை அரித்து அரித்துக் கை புண்ணாகித் திரிந்தேனே! "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?" என்றேன்.

"சொன்னனான்தானே" என்றா அம்மா. "ஒரு பொக்கற் கூடுதலாத் தைச்சனான் எல்லே?"

அம்மா தைத்துத் தந்த மறுநாளே அந்தத் துணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஓரப் பொக்கற்றை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் விரித்துக் காட்டினேன். ஒரு பொக்கற் கூடுதலாகத் தைத்த எங்கள் அம்மாவுக்கு எண்ணத் தெரியாது என்று சொல்லி, வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தேன்.