லுங்கிக்காரன் ரோட்டைக் கடந்த கதை

கம்ப்யூட்டருக்குள் ஒரு மனிதனை நடக்கவைப்பது சுலபம், ஒழுங்காக நடக்கவைப்பதற்குள்தான் நமக்கு முடி கொட்டிவிடும். என்னைப்போல அம்புக்குறி கீயோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருவொற்றியூரில் ஓர் அண்ணாச்சியின் மளிகை மண்டிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் வைத்திருந்தேன். கூட்டாளி விமலா, வியாசர்பாடிக்காரர், அதுவரை டைப்ரைட்டிங் டீச்சர். கிளாஸில் எங்கள் இருவரைத் தவிர ஈ மட்டும்தான். ஸ்கூல் திறப்பதற்குள் ஆள் சேராவிட்டால் ரூமில் வெங்காய மூட்டை அடுக்கப்போவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார். ஆள் பிடிக்க ஒரு கேம் எழுதினேன். லுங்கி கட்டிய ஒருவன் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் ரோட்டைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான்.

விக்கல்

டைப்ரைட்டர் புத்தி என்னையும் பிடித்திருந்தது. ஒரு தட்டு, ஓர் அடி என்று எழுதிவைத்தேன். கீயை அழுத்திப் பிடித்தால் லுங்கிக்காரன் ஓரடி வைத்தான், நின்றான், எதையோ யோசித்தான், பிறகு திடுதிடுவென்று ஓடினான். அந்த யோசனை நேரத்தில் லாரி அவனை அடித்துவிட்டது. விமலா பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், உன் ஆளுக்கு விக்கலா? ஒரு வாய் தண்ணி குடு, நடந்துருவான்."

தண்ணீர் கொடுக்கவில்லை, எழுதிய விதத்தை மாற்றினேன். கீ அழுந்தினால் ஒரு குறி போடு, விரலை எடுத்தால் குறியை அழி, குறி இருக்கும்வரை நடந்துகொண்டே இரு. விக்கல் போய்விட்டது. "இப்ப ஓகே. ஆனா லுங்கிய மடிச்சுக் கட்டு சார், தடுக்கி வுழுந்துறப் போறான்" என்றார்.

புது மெஷின்

வருகிறவர்கள் அசந்துபோகட்டும் என்று புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பழைய மெஷினில் ஆடி அசைந்து நடந்தவன் புதியதில் கீயைத் தொட்டதும் காணாமல் போனான். போன வேகத்தில் அடித்த காற்றில் மேஜைமேலிருந்த அட்மிஷன் ஃபாரங்கள் பறந்தன. ஃபேன் காற்று என்பார் விமலா. அன்றைக்கு ஃபேன் ஓடவே இல்லை, நான் சாட்சி.

மெஷின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அத்தனை அடி என்று எழுதியது என் தப்பு, புதியது பல மடங்கு வேகமாகச் சுற்றியது. எவ்வளவு நேரம் போயிற்றோ அதற்கேற்ற தூரம் என்று பிறகு மாற்றினேன். ஆனால் அதற்குள் மகளைச் சேர்க்க நெட்டுக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஏழுமலை எழுந்துவிட்டார். மீன்பிடிக்கிறவர், வேகம் அறிந்தவர். "இத்த கத்துக்கினா எம் பொண்ணும் இப்டித்தான் வூட்ல நிக்காம ஓடுவா. வோணாம் நைனா."

நில்லுல

கெடு முடிந்த அன்று காலை அண்ணாச்சி மேலே வந்தார். பின்னால் படியில் முதல் வெங்காய மூட்டை ஒருவர் முதுகிலேறி வந்துகொண்டிருந்தது. விமலா தன் பழைய டைப்ரைட்டருக்கு உறை மாட்டினார். ஒரு கை ஆடிவிட்டுப் போங்கள் என்று அண்ணாச்சியை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"எண்ணூர் ரோட்டுல எந்த லாரி வே இப்படி ஓடுது?" என்று முனகிக்கொண்டே அழுத்தினார். லுங்கிக்காரன் விக்கலே இல்லாமல் நடந்தான். எதிரே லாரி. அண்ணாச்சி பதறிப்போய் "நில்லுல" என்று கத்தி, இரண்டு கையையும் தூக்கிவிட்டார். விரல் எழும்பியதும் அவன் அந்த இடத்திலேயே நின்றான். லாரி மூக்கை உரசிக்கொண்டு போயிற்று.

நிற்கவைத்தது விரல் என்று சொல்ல வாயெடுத்தேன். விமலா என் காலை மிதித்தார். அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டைக்காரரைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்: "என் கடையில இத்தன பேரு வேலைக்கு இருக்கான், சொன்ன சொல்லுக்கு நின்னவன் இவன் ஒருத்தன்தான் வே. ரூமு இவனுக்கு."

அந்த ரூமில் அதன்பிறகு நாங்கள் கிளாஸ் நடத்தியதெல்லாம், அண்ணாச்சி தினமும் லுங்கிக்காரனை வேலை வாங்கி முடித்து எழுந்த நேரங்களில்தான்.