முப்பத்திரண்டாவது தலை

தெலங்கானாவின் புவனகிரிக் கோட்டை அடிவாரத்திலிருந்து எங்கள் சுற்றுலாப் பேருந்து நகர்கிறது. வழிகாட்டி தலைகளை எண்ணி, "முப்பத்திரண்டு, சரி!" என்கிறார். பின்னிருக்கையில் தோழிகளோடு இருக்கும் மகளைப் பார்க்கத் திரும்புகிறேன். அவள் இடத்தில் கூடையுடன் ஒரு வேர்க்கடலைக்காரி. மகளின் கைபேசியோ என் மடியில்.

"நிறுத்துங்க! என் பொண்ணு ஏறல!"

கடலைக்காரி தெலுங்கில் சொல்கிறாள்: "பச்சைச் சுடிதார் பாப்பாவா? மேலே குளத்தோரம் தனியா நின்னுச்சே! விக்க ஏறின என்னையும் சேத்து எண்ணிட்டாரா உங்க ஆளு?"

குறுகலான பாறைப் படிகளில் ஓடுகிறேன். பாதியில் மகள் நிதானமாக இறங்கி வருகிறாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

"நக்கோ அம்மா, வேணாம், விடு, எல்லாரும் பாக்குறாங்க."

விடவில்லை. பேருந்தில் வழிகாட்டி மறுபடி எண்ணுகிறார். வெளியே நின்று ஜன்னல் ஜன்னலாகக் கடலைக்காரியும் எண்ணுகிறாள். அவள் தலையசைத்த பிறகே, "போகலாம்" என்கிறேன்.