ஜோவிதா போட்ட பூட்டும் ரூபி எடுத்த ஒறுத்தலும்

ஜோவிதா எங்கள் உப்பளம் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்ததும் ஊருக்கே திரும்பி வந்துவிட்டாள். காலையில் பூசை கண்டுவிட்டு ஸ்கூட்டரில் நேராக எங்கள் மீன் கம்பெனிக்கு வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "ரூபி அக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டுவிடுவாள். பதில் தெரிந்த பிறகுதான் மற்ற வேலை.

எங்கள் கம்பெனி மூன்று இடத்தில் நடக்கிறது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுப்பார்கள். உப்பளத்தில் நாங்கள் பெண்கள் அதைச் சுத்தம் செய்து பெட்டியில் அடைத்து உறைய வைப்போம். ரெட்டியார்பாளையத்தில் ஆபீஸ். மூன்று இடத்துக்கும் மூன்று சாஃப்ட்வேர். பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஒன்றுக்கொன்று பேச்சு கிடையாது. துறைமுகத்தில் கணக்கு பார்க்கும் ராஜாம்பாள் வந்த மீனை ஒரு தடவை பதிவாள். அதே மீனை இங்கே எங்களோடு பெட்டி அடைக்கும் ரூபி மறுபடி பதிவாள். ஆபீசில் இன்னொரு தடவை. நடுவில் யாராவது தப்பாகத் தட்டிவிட்டால் காலையில் வந்த வஞ்சிரம் சாயங்காலம் சங்கராவாக மாறியிருக்கும்.

முதலாளி அல்போன்ஸ் ஜோவிதாவைக் கூப்பிட்டு, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடு என்றார். அவள் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போனாள். கூடையைத் தூக்கினாள். இங்கே வந்து எங்களோடு நின்று பெட்டி அடைத்தாள். விரல் மரத்துப்போய் ஊதிக்கொண்டே நின்றாள்.

"இன்னாமா, கம்ப்யூட்டரு படிச்சுட்டு கூட தூக்கற? ஊட்டுக்காரரு பாத்தா எங்களத்தான் திட்டுவாரு" என்றாள் ராஜாம்பாள்.

"அவரு திட்ட மாட்டாருக்கா. போவும்போது ரெண்டு நண்டு எடுத்துட்டுப் போனா வாயே தொறக்க மாட்டாரு."

"ஆங், அதுக்குத்தான் கூட தூக்கறியா நீ!"

இப்படி எல்லோருடைய வேலையையும் கையால் செய்து பார்த்த பிறகுதான் மூன்றையும் இணைத்தாள். ராஜாம்பாள் துறைமுகத்தில் போனில் தட்டினால், டெம்போ வந்து சேருவதற்கு முன்பே எங்கள் திரையில் பெட்டி வந்து நிற்கும். ஏதோ அற்புதம் நடந்த மாதிரி எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். முதலாளி "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கையைக் குலுக்கினார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மூன்று வீடு ஒரே வீடாகிவிட்டதே. முன்பு ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் மற்ற இரண்டும் தப்பிக்கும். இப்போது ஒரு வாசலில் நுழைந்தவன் எல்லா அறைக்கும் போய்விடலாம். வெளிநாட்டிலிருந்து வருஷம் முழுக்க மீன் வாங்க ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. அவர்கள் போட்ட நிபந்தனையும் இதைப் பற்றித்தான். எந்தப் பெட்டியை என்றைக்கு அடைத்தோம் என்ற விவரத்தை வெளியாள் யாரும் மாற்ற முடியாதபடி இருக்க வேண்டும். சோதிக்க ஓர் ஆளை அனுப்புவோம், என்றைக்கு என்று சொல்ல மாட்டோம் என்றார்கள். சோதனையில் தேறாவிட்டால் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லாவிட்டால் இரண்டாவது ஷிப்டை மூடத்தான் வேண்டும் என்று முதலாளி எங்களிடம் வருத்தத்தோடு சொன்னார். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் இரண்டாவது ஷிப்டில் நாங்கள் எல்லோரும் பெண்கள். ரூபியும் அதில்தான்.

ஜோவிதா ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஆனால் எங்கள் இடத்தில் ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்தால் எல்லோருடைய கையும் அதில் இருக்கும். பாஸ்வேர்டும் அப்படித்தான் ஆனது.

சோதனைக்கு முன்னால் நாமே ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று, ஜோவிதா தன் ஒன்றுவிட்ட தம்பி லூர்துபிரகாஷை அனுப்பி வைத்தாள். அவனை இங்கே யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னான். ரூபி உடனே தன் பாஸ்வேர்டைச் சொன்னாள். அது சரியாக வேலை செய்யவில்லை என்று அவன் சொன்னதும், பாவம் வெயிலில் வந்த பிள்ளை என்று ராஜாம்பாளுக்குப் போன் போட்டு அவளுடையதையும் வாங்கிக் கொடுத்தாள். கூடவே ஒரு தட்டு சோறும் போட்டாள்.

"கொழம்பு ரொம்ப நல்லாருந்துச்சுக்கா" என்று அவன் ஜோவிதாவிடம் வந்து சொன்னான். அன்று அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க்கா, இவ்ளோ சொல்லியும் குடுத்துட்டீங்களே."

"மொகத்துக்கு நேரா கேக்கறாங்க. இல்லன்னு எப்டி சொல்றது? வந்தவங்க மனசு நோவாதா?" என்றாள் ரூபி. அவள் கண்ணும் கலங்கிவிட்டது. வேலை போய்விடுமே என்ற பயம் அவளுக்கும்தான்.

அது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முடிந்த வாரம். ஜோவிதா இரண்டு கிளாஸ் டீ வாங்கி வந்து ஒன்றை ரூபியிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்மா. இந்தத் தவக்காலத்துக்கு டீ ஒறுத்தல் எடுத்துருக்கேன். ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்."

ஜோவிதா கிளாஸைக் கீழே வைத்தாள். "அக்கா, இப்ப டீ வேணாம்னு சொன்னீங்களே, எனக்கு மனசு நொந்துச்சா?"

"அதெப்டி நோவும்? ஒறுத்தலாச்சே. அத யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க."

"அப்ப பாஸ்வேர்டு சொல்றதையும் ஒறுத்தலா எடுத்துக்குங்களேன்!"

ரூபி சாயங்காலம் கோவிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டாள். நாக்கை அடக்குவதும் நல்ல ஒறுத்தல்தான் என்று அவர் சொன்னாராம். மறுநாளே எங்கள் மேஜையில் எல்லோரும் அந்த ஒறுத்தலை எடுத்துக்கொண்டோம். ராஜாம்பாள் மட்டும், "நான் உங்க கோவிலு ஆளு இல்லியேம்மா" என்று இழுத்தாள்.

"உங்களுக்கு வெரதம் தெரியாதாக்கா?"

"எனக்கா தெரியாது? அங்காளம்மனுக்கு வேண்டிக்கறேன் போ. தலையே போனாலும் சொல்ல மாட்டேன்."

ஜோவிதா இன்னொரு பூட்டும் போட்டாள். அடைத்த பெட்டியின் விவரத்தை யார் மாற்றினாலும் ரூபியின் போனுக்குக் கேள்வி வரும். அவள் சம்மதம் என்று அழுத்தினால்தான் மாறும்.

"நான் மாத்தினாலுமா?" என்று முதலாளி கேட்டார்.

"உங்களுக்காகத்தான் சார் மொதல்ல போட்டேன்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நிர்மலாதேவி என்று ஒரு அம்மா வந்தார். ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், ஒரு பெட்டியில் தேதி தப்பாக இருக்கிறது, திருத்த வேண்டும், எனக்கு இன்னும் பாஸ்வேர்டு தரவில்லை என்றார். முகத்தில் அத்தனை களைப்பு.

"மொதல்ல சாப்டுங்க" என்று ரூபி தட்டை வைத்தாள்.

பாதிச் சாப்பாட்டில் அந்த அம்மா, "உங்க பாஸ்வேர்டச் சொன்னீங்கன்னா சீக்கிரம் முடிச்சுட்டுப் போயிடுவேன்" என்றார்.

"அது ஒறுத்தலுங்க."

"என்னது?"

"ஈஸ்டர் வரைக்கும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு துண்டு மீன் வெக்கட்டா?"

டெம்போவோடு வந்திருந்த ராஜாம்பாள் பக்கம் அந்த அம்மா திரும்பினார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே ராஜாம்பாள், "எனக்கு அங்காளம்மன் வெரதம்" என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். காதில் போன். "இன்னாம்மா, பாஸ்வேர்டு இல்லியா? அதுக்கா உக்காந்துருக்க? என்னோடதப் போட்டுக்க!" என்று தன்னுடையதைக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஜோவிதா மூலையில் நின்று நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா தட்டினார். எல்லாம் திறந்தது. துறைமுகம், ஐஸ் ரூம், ஆபீஸ் எல்லாம் திரையில் தெரிந்தது. எங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் ஒரு பெட்டியை எடுத்துத் தேதியை மாற்றினார். உடனே ரூபியின் போன் அடித்தது. முதலாளி பெயரில் தேதி மாறுகிறது, சம்மதமா என்று கேட்டது.

"குடுத்துடு ரூபி. நான்தான் சொல்றேனே" என்றார் முதலாளி.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் பேச்சை அவள் தட்டியதில்லை. கையை ஏப்ரனில் துடைத்தாள். கழுத்து ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டாள். "மொதலாளி, மன்னிச்சுக்குங்க. அன்னிக்கி எடுத்த ஒறுத்தல் சொல்லக் கூடாதுன்னுதான். ஆனா தெரியாதவங்களுக்குக் கதவத் தொறந்து வுடறதும் அதேதானே" என்று சொல்லி, வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

தேதி மாறவில்லை. திரை தானாகவே மூடிக்கொண்டது.

நிர்மலாதேவி கை கழுவிக்கொண்டு வந்து பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சோதனைக்கு வந்தவரே அவர்தான். முதலாளியின் முகம் வெளுத்துப்போனது.

"உள்ள நுழைஞ்சுட்டேன், ஆனா ஒண்ணையும் மாத்த முடியல. அதனால பாஸ். ஆனா உங்க முதலாளிக்குத் தனியா வகுப்பு எடுக்கணும்" என்றார் ஜோவிதாவிடம்.

"எடுத்தேன் மேடம். அன்னிக்கி அவரு தூங்கிட்டாரு."

எல்லோரும் சிரித்தோம். முதலாளியும் வெட்கத்தோடு சிரித்தார். ஆண்டவருக்கு நன்றி, எங்கள் ஷிப்ட் இன்றுவரை நடக்கிறது. முதலாளிக்கு இப்போது பாஸ்வேர்டே கிடையாது. விரல் வைத்தால்தான் திறக்கும்படி ஜோவிதா மாற்றிவிட்டாள். விரலை யாருக்கும் சத்தம் போட்டுக் கொடுக்க முடியாதல்லவா.

புறப்படும்போது நிர்மலாதேவி, "ஈஸ்டர் முடிஞ்சதும் என்னம்மா பண்ணுவீங்க?" என்று ரூபியைக் கேட்டார்.

"அப்பறம் மே, மாதா வணக்க மாசம் வந்துடுங்க. அது முடிஞ்சா ஜூன், திரு இருதய மாசம்."

"அதுக்கும் அப்பறம்?"

"ஆடி வந்துடும்மா" என்றாள் ராஜாம்பாள். "அத நான் பாத்துக்கறேன்."