இரண்டு தடவை அடித்த லைட்

மடுல்கெல்லைக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு காலை. வத்துகாமத்தைத் தாண்டியதும் பொலிஸார் லொறியை நிறுத்தி டயர், பிரேக் எல்லாவற்றையும் சோதித்தார்கள். அரை மணி நேரம் வீணானது. எரிச்சலோடு கிளம்பினேன்.

இரண்டு வளைவு ஏறியதும் எதிரே ஒரு விறகு லொறி இறங்கி வந்தது. கீழே பொலிஸ் நிற்கிறது என்று, எங்கள் ஓட்டுநர்களின் வழக்கப்படி இரண்டு தடவை லைட் அடித்துக் காட்டினேன். அதை ஓட்டி வந்தவன் நன்றியாகக் கையை உயர்த்திவிட்டு, பக்கத்துத் தோட்டப் பாதையில் லொறியைத் திருப்பினான். அது செங்குத்தான இறக்கம்.

அடுத்த நிமிடம் பெரிய சத்தம் கேட்டது. லொறியை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே விறகு லொறி கவிழ்ந்து கிடந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவன் நசுங்கியிருந்தான். கதவை இழுத்தேன், அசையவில்லை.

"பிரேக் பிடிக்கலண்ணே," என்றான். "நேத்தே சரியில்ல. பொலிஸ் பாத்தா லொறிய நிப்பாட்டிருவாங்கன்னுதான் இதால வந்தேன்."

"பேசாதப்பா. ஆளுங்க வர்றாங்க."

"நீங்க நல்லவருண்ணே. லைட் அடிச்சீங்களே."

கதவை இழுத்த என் கை அப்படியே நின்றது.

கீழே என் லொறியைச் சோதித்த அதே பொலிஸ் சார்ஜன்ட்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவை உடைத்தார். "இவன் ஏன் இந்தப் பாதையில வந்தது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

தெரியாது என்றேன்.

பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் போய்விட்டான்.

இன்றும் எதிரே வருகிறவர்கள் எனக்கு லைட் அடிக்கிறார்கள். நான் கையை உயர்த்துவதில்லை. நேரே பொலிஸிடம் போய் லொறியை நிறுத்துகிறேன். கேட்பதையெல்லாம் காட்டுகிறேன். அன்று சார்ஜன்ட் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் உண்மையான பதில் சொல்லவில்லை.