நனைக்கக் கூடாத இமையோடு கம்பெனி வாசலில்

சனிக்கிழமை காலை, கம்பெனி வாசலில் என் இமைமுடி மாட்டிக்கொண்டது.

தெரியாதவர்களுக்கு: எனக்கு மைசூர் ஹெப்பாளில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. தூசி ஆகாத இடம். குல்லா, மாஸ்க், மேலங்கி எல்லாம் போட்டால் வெளியே தெரிவது கண் மட்டும்தான்.

அந்தக் கண்ணுக்கும் மை, மஸ்காரா கூடாது. உதிர்ந்து சர்க்யூட் போர்டில் விழுந்துவிடும். நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

என் பிரச்சினை வேறு. என் இமைமுடி நீளம். ஆனால் நேராகத் தரையைப் பார்த்து வளரும். (மாட்டுக்கு இப்படித்தான் இருக்கும் என்பது அத்தையின் கணிப்பு.) மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் முடி கண்ணாடியில் உரசும். சிமிட்டும்போதெல்லாம் யாரோ குறுக்கே விளக்குமாறு போடுவதுபோல இருக்கும்.

சனிக்கிழமைதான் மைக்ரோஸ்கோப் மேசைக்கு ஆள் எடுக்கும் டெஸ்ட். அந்த மேசை கிடைத்தால் ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டாம். உட்கார்ந்து வேலை பார்க்கலாம். என் குதிகாலைக் கேட்டால் அதன் அருமை சொல்லும்.

அதனால் வெள்ளிக்கிழமை மாலை லாஷ் லிஃப்ட், அதாவது இமைமுடியை மேல்நோக்கி வளைத்து நிறுத்தும் வேலை. அழகுக்காகவும்தான். அதில் உங்களுக்கென்ன?

எங்கள் தெருவில் பார்லர் வைத்திருக்கும் மஞ்சுளா அக்கா, இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு மருந்து தடவி அனுப்பியிருந்தார். அரித்தால் செய்ய மாட்டாராம். அரிக்கவில்லை. படுக்கச் சொன்னார்.

"கண்ண மூடு. வாயையும் மூடு."

"வாய் எதுக்குக்கா?"

"நீ பேசுனா புருவம் ஆடுது. புருவம் ஆடுனா என் கை ஆடுது."

முதலில் எண்ணெய்ப்பசை போகத் துடைத்தார். கீழ் இமைமுடியை ஒரு பட்டைக்கு அடியில் அமுக்கினார். மேல் இமையில் பிறை மாதிரி வளைந்த சிலிக்கான் துண்டு. அதன்மேல் ஒவ்வொரு முடியாகத் தூக்கி, பசை வைத்து ஒட்டினார். அப்புறம் முதல் மருந்து. முடிக்கு உள்ளே அதன் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்புகளை அது தளர்த்தும். இரண்டாவது மருந்து, புது வளைவில் அந்தப் பிணைப்புகளை மறுபடி இறுக்கும்.

"தலமுடிய சுருட்டி விடுறாங்கல்ல? அதே வேலதான். இது குட்டி முடி, அவ்ளோதான். நேரம் தாண்டுனா பொசுங்கிடும். அதான் டைமர்."

"எத்தன நாளைக்கு நிக்கும்?"

"ஆறு, எட்டு வாரம். அந்த முடியெல்லாம் தானா உதிர்ந்துடும். புதுசா வர்றது உன் பழைய மாட்டு முடிதான்."

கறுப்புச் சாயம் வேண்டாம் என்றேன், கம்பெனி ரூலுக்காக. கடைசியாக அக்காவின் உத்தரவு: "நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் தண்ணி படக்கூடாது. ஆவியும் படக்கூடாது. அழவும் கூடாது."

"அழுறதுக்கு நான் என்ன சீரியலா பாக்கறேன்?"

சரி, இப்போது வாசல். பெண்கள் வரிசையில் எங்கள் சூப்பர்வைசர் மாதேசன் சார் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து உள்ளே விடுவார். கொள்ளேகாலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஆண்கள் வரிசையில் அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

"ஏனம்மிணி, மஸ்காரா போட்டுட்டு வந்துட்டயா?"

"இல்ல சார். இது என் சொந்த முடி."

"நேத்து இப்புடி இல்லயே."

(நேற்று எப்படி இருந்தது என்று அவருக்கு ஞாபகம் இருப்பது தனி வழக்கு.)

"பார்லர்ல வளைச்சு விட்டாங்க சார். மேல எதுவும் பூசல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மூஞ்சியக் கழுவிட்டு வா. இல்லீன்னா வூட்டுக்குப் போ."

கழுவினால் வளைவு போய்விடும், கண்ணாடியில் மறுபடி விளக்குமாறு. கழுவாவிட்டால் டெஸ்டே கிடையாது. பின்னால் நின்ற என் தோழி சுமா, "கழுவிட்டுப் போயேன் மாராயத்தி" என்று கன்னடச் செல்லத்தோடு கிசுகிசுத்தாள்.

நான் சொன்னேன்: "புதுக் கையுறை போட்டு நீங்களே தொட்டுப் பாருங்க சார். கறுப்பு ஒட்டுனா நானே வீட்டுக்குப் போறேன்."

நீலக் கையுறை மாட்டி, விரல் நுனியால் இமைமுடியை ஒற்றி எடுத்தார். ஒன்றும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் இல்லை.

"இருந்தாலும் கழுவோணும். ரூலு ரூலுதான்."

அங்கேதான் எனக்கு ஏறியது. அவர் நெற்றியில் மாதேஸ்வரன் மலை விபூதி, மூன்று பட்டையாக, காய்ந்து வெடித்து நிற்கிறது. குல்லாவைப் பட்டைக்கு மேலே ஏற்றிவிட்டு, அதோடு தினமும் எங்கள் போர்டுகளுக்கு மேலே குனிகிறார்.

"அதே விரல சார். உங்க நெத்தியில ஒரு தடவ வைங்க."

சுமா என் முதுகில் கிள்ளினாள்.

"இது சாமி திருநீறு அம்மிணி."

"சாமிக்கும் எனக்கும் சண்டையில்ல சார். போர்டுக்கு அது தூசி."

அவர் நெற்றியைத் தொட்டார். நீல நுனி வெள்ளையாகிவிட்டது. நேராகக் குழாயடிக்குப் போனார். முகம் ஈரமாகத் திரும்பி வந்தார்.

"உள்ள போ. டெஸ்டுக்கு நேரமாச்சு."

கத்தியிருக்கலாம். என்னை வெளியே நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பாதிப் பொய்.

மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தேன். வெளிச்சம், ஈயப்பற்று, அவ்வளவுதான். குறுக்கே ஒரு முடி இல்லை.

இன்று திங்கள். மேசை எனக்குத்தான். இந்தப் பதிவை ஷிஃப்ட் முடிந்து, வலிக்காத காலோடு எழுதுகிறேன்.

காலையில் மாதேசன் சாரை வழக்கமான இடத்தில் காணோம். தேடினால், கையுறையோடு ஆண்கள் வரிசையில் நிற்கிறார். ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்க்கிறார். குழாயடியில் பெரிய கூட்டம்.

உங்கள் வேலை இடத்தில் ரூல் எந்த வரிசையோடு நின்றுவிடுகிறது? கமெண்டில் சொல்லுங்கள்.