நியாயம் சாருக்கு விழுந்த சீட்டு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வித் தத்துவம் நடத்தி வந்த பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நியாயம் சார். வாய்க்கு வாய் "இது நியாயமா?" என்பார். மின்விசிறி நின்றுபோனாலும் அதையேதான் கேட்பார். அவர் அப்படிக் கேட்காத ஒரே இடம் வீட்டுச் சமையலறை. அங்கே மருத்துவமனை வேலை முடிந்து வந்த மனைவி, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்.

மேடையேறிவிட்டால் மனிதர் வெளுத்து வாங்குவார்.

"நல்லா படிக்கிற பிள்ளைக்கு நல்ல வாத்தியார், தடுமாறுற பிள்ளைக்கு மட்டமான வாத்தியார்! காய்ச்சல்காரனைப் படுக்கப் போட்டுட்டு, திடமா இருக்கிறவனுக்கு ஊசி போடுற டாக்டரை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

கைதட்டல் அடங்க நேரமாகும். அந்தப் பேச்சு வேஷமும் இல்லை. அவர் பேருந்து ஓட்டுநரின் மகன். மக்கு வகுப்பு என்று பெயர் வாங்கிய பிரிவில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முட்டி மோதி மேலே வந்தவர். ஆசிரியர் சங்கத்துக்கும் அவர்தான் மூளை. சங்கத்தின் அறிக்கைகளில் கொள்கை முதல் காற்புள்ளி வரை அவர் கைவண்ணம்.

மகளைப் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தார். அதைச் சொல்லாமல் எந்தக் கூட்டத்திலும் மேடையை விட்டு இறங்கியதில்லை. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த இரண்டு பேர். ஒருவர் கணக்கு டீச்சர். பின்னத்தைக் கதை மாதிரி சொல்லிக்கொடுப்பார். இன்னொருவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கொட்டாவி. பலகையில் ஒரு கணக்கை எழுதி, "போடுங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். மதிப்பெண் வாங்குகிற ஏ பிரிவுக்கு டீச்சர், மிச்சம் மீதியான பி பிரிவுக்குக் கொட்டாவி என்பது காலங்காலமான ஏற்பாடு. பேராசிரியரின் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஏ. அந்தப் பிரிவினை பற்றி மட்டும் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

மகள் எட்டாம் வகுப்புக்குப் போன ஆண்டு புதுத் தலைமையாசிரியை வந்தார். பேராசிரியரின் பழைய மாணவி. முதல் வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டவர். வந்ததும் மதிப்பெண் பார்த்துப் பிரிப்பதை நிறுத்தினார். பிள்ளைகளைத் திடலில் உட்காரவைத்து, ஒரு வாளியில் சீட்டுப் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார்.

மகள் வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள். "அப்பா, எனக்கு பி விழுந்துடுச்சு. கொட்டாவி சார்!"

"யாரு பண்ணின வேலை இது?"

"நீங்கதானாம். 'என் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தது'ன்னு உங்களைச் சொல்லித்தான் மேடம் ஆரம்பிச்சாங்க."

மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது. "ஏங்க, பாடம் வீடு தேடி வந்துடுச்சே!"

மறுநாள் காலையில் பேராசிரியர் தலைமையாசிரியையின் அறையில் இருந்தார்.

"வாங்க சார்! நீங்க சொன்னதை அப்படியே செஞ்சுட்டேன்."

"பெருமையா இருக்கும்மா. ஆனா எதையும் சூழலோட பொருத்திப் பார்க்கணும்."

"எந்தச் சூழல் சார்?"

"அதாவது, கணக்குல ஆர்வம் உள்ள பிள்ளைங்க… உதாரணத்துக்கு நம்ம பாப்பா…"

"மாத்திடலாம் சார். ஆனா அவளுக்குப் பதிலா ஏ-ல இருந்து ஒரு பிள்ளை பி-க்குப் போகணும். யாருன்னு நீங்களே காட்டுங்க."

ஏ பிரிவின் ஜன்னலுக்கு அவரை அழைத்துப்போனார். பேராசிரியர் உள்ளே பார்த்தார். கடைசி பெஞ்சில் காலர் கிழிந்த ஒரு பையன் வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எந்த வாத்தியாரிடம் இருந்தால் என்ன? விரல் முக்கால்வாசி எழும்பிவிட்டது. அப்புறம்தான் அந்த பெஞ்சு தனக்குப் பழக்கமானது என்று உறைத்தது. விரலை மடக்கி மூக்கைச் சொறிந்துகொண்டார். கோபம் வேறு பக்கம் பாய்ந்தது.

"தூங்குற ஆளை எப்படிம்மா வேலையில வச்சிருக்கீங்க? இது நியாயமா?"

"முன்னாடி இருந்த மேடம் நடவடிக்கை எடுத்தாங்க சார். சங்கம் அறிக்கை விட்டுத் தடுத்துடுச்சு. 'ஆசிரியரின் கண்ணியமே வகுப்பறையின் உயிர்'னு ஆரம்பிக்கும். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

பேராசிரியர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "இத்தனை வருஷமா பி பிள்ளைங்க வீட்டுல இருந்து யாரும் வந்து கேக்கலையா?"

"வந்தாங்க. வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. உள்ளே வந்து நாற்காலியில உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் நீங்கதான். அதுக்குத்தான் சார் சீட்டு."

அதன் பிறகு பேராசிரியர் சுழன்று வேலை செய்தார் என்பதை மறைக்கக் கூடாது. சங்கத்துக்கும் கல்வி அலுவலகத்துக்குமாக நடையாய் நடந்தார். மாணவரின் கண்ணியமே வகுப்பறையின் உயிர் என்று அதே பேனாவால் எழுதினார். சீக்கிரமே கொட்டாவி பாடநூல் குழுவுக்குப் பதவி உயர்வில் போனார். அங்கே பிள்ளைகளின் சத்தம் கிடையாது. பி பிரிவுக்குத் துடிப்பான ஒரு புது ஆசிரியர் வந்தார்.

பி பிரிவில் மகளுக்குக் கிடைத்த புதுத் தோழியுடைய அம்மா தையல் வேலை செய்பவர். தெருவில் பேராசிரியரை நிறுத்தி, "எங்க பிள்ளைங்களுக்காக இவ்வளவு அலைஞ்சீங்களே சார்!" என்று தழுதழுத்தார். பேராசிரியர் விருது வாங்குகிறவர் போலக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். கூடவே நின்ற மனைவி, நாலு அடி தள்ளி வந்ததும் கேட்டார்:

"பாப்பாவுக்கு ஏ விழுந்திருந்தா?"

"அது ஊகக் கேள்வி," என்றார் பேராசிரியர்.

அடுத்த ஆண்டு பழைய ஏ பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோர் திரண்டு வந்து சீட்டுக் குலுக்கலை எதிர்த்தார்கள். ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் வேறு யார்? குழந்தையின் தனித்தன்மையை மதிக்க வேண்டும், ஆகவே கற்கும் வேகத்துக்கேற்ற இரு குழுக்கள் தேவை என்று அழகாகப் பரிந்துரைத்தார்.

"சார், இது பழைய ஏ, பி தானே?" என்றார் தலைமையாசிரியை.

"இல்லம்மா. அணுகுமுறையே வேற."

மகள் விரைவுக் குழுவில் வந்தாள். தையல்காரரின் மகள் நிதானக் குழு. அன்று இரவுச் சாப்பாட்டில் மகள் தட்டைப் பார்த்தபடி கேட்டாள்:

"அவதான் எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தா. அவ எப்படிப்பா நிதானம்?"

"சாப்பிடும்போது பேசக் கூடாது," என்றார். சொல்லிவிட்டு, மறுநாள் தான் பேசப் போகிற கூட்டத்தைப் பற்றிக் கை கழுவும் வரை பேசிக்கொண்டே இருந்தார். மகள் பாதியில் எழுந்து போனதை அவர் கவனிக்கவில்லை.